ஓரத்துச் சிப்பாய்கள் இரண்டும் என்னுடையவை

நெல்லு ஆலை ஒன்று கட்டினேன். தண்ணீர் இறைக்கிற பழைய எஞ்சினில் அரைவை மெசினைப் பூட்டி, நாலு தடியும் மேலே ஒரு படங்குச் சீலையும் போட்டுத் தொடங்கியது அது. "மழை வந்தால் நெல்லு முளைக்கும், ஆலை முளைக்காது" என்று ரோட்டால் போனவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு இரணைமடுக் குளத்து வாய்க்காலை நம்பி விதைக்கிறவர்களில் எத்தனையோ பேரின் நெல்லு என் ஆலையில்தான் அரிசியாகிறது.

வீடு மூன்று தரம் கட்டினேன். முதல் இரண்டும் இப்போது இல்லை, மூன்றாவது நிற்கிறது. கிணறு வெட்டும்போது பாதியில் கல்லு மறித்தது. "இதில தண்ணி வராது, மூடுங்கோ" என்று வெட்ட வந்தவர்கள் ஏறிவிட்டார்கள். நான் இறங்கினேன். சித்திரை வெயிலில் எட்டிப் பார்த்தாலும் அந்தக் கிணற்றில் என் முகம் தெரியும். வாய்க்காலுக்கு மேலால் ஒரு மதகு கட்டினேன். ஆராவது கட்டுவார்கள் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருக்க, நான் கம்பி வளைத்துக் கொங்கிறீற் போட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதை நான் ஒளிப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்காரன் போட்ட மதகின் மேலால்தான் பட்டம் படித்தவர்களும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள்.

ஊர் மண்டபத்தின் சீமெந்து நிலமும் நான் போட்டது. ஒரு கண்ணாடிப் போளையை வைத்துப் பாருங்கள், உருளாமல் வைத்த இடத்தில் நிற்கும்.

இவ்வளவையும் ஊர் ஒத்துக்கொள்கிறது. மதகைக் காட்டி, "அது ஆலைக்காரர் கட்டினது" என்று புதிதாக வந்த ஆக்களுக்குச் சொல்கிறார்கள். நான் கடைசியாகக் கட்டிய ஒன்றைத்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். அதில் கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. அது ஒரு சதுரங்கத் தொடக்கம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சதுரங்கத்தில் முதல் சில நகர்வுகளைத் தொடக்கம் என்பார்கள். எந்தக் காயை முதல் எடுப்பது, எங்கே வைப்பது என்பது. பெரிய பெரிய நாடுகளின் பெயரில் தொடக்கங்கள் இருக்கின்றனவாம். எங்கள் மண்டபத்தின் பின் அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்க மன்றம் கூடுகிற இடத்தில், ஒரு பலகை தொங்குகிறது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: "வரம்புத் தொடக்கம். எமது மன்றத்தின் பயிற்றுநர் உருவாக்கியது." அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிற ஒவ்வொரு முறையும் என் காதுக்குள் மழை கேட்கும். அது பெய்த நாளைச் சொன்னால்தான் பலகையில் என்ன பிழை என்று உங்களுக்கு விளங்கும். அதற்கு முதல், நான் சதுரங்கம் பழகிய கதை.

பழகியது வவுனியா முகாமில், படங்குக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்ற காலத்தில். அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே பகல் மிகவும் நீளம். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு மனிதர் இருந்தார். அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் இறங்கி வந்து வயல் செய்தவர்கள். அவர் ஒரு உரப்பையை விரித்து, கரியால் கட்டம் கீறி வைத்திருந்தார். பற்பசை மூடி ராசா. சட்டையிலிருந்து கழன்ற தெறி ராணி. மருந்துப் போத்தல் மூடிகள் மந்திரியும் கோட்டையும். தகரத்தை மடித்துக் குதிரை செய்திருந்தார். அதற்குக் காதுகூட இருந்தது. சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை. தேய்த்து வெளுத்தது வெள்ளைக்காரன், தேய்க்காதது கறுப்புக்காரன்.

அவர்தான் எனக்கு அந்த விதியைச் சொன்னார்.

"மொத ஆட்டத்துக்கு மட்டும் ரெண்டு சிப்பாய அனுப்பலாங்க. ஆளுக்கு ஒரு கட்டம்."

"ஏன் ரெண்டு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதைக்கூடவா கேட்பது என்கிற பார்வை.

"ஒருத்தன தனியா அனுப்பினா பயந்துக்குவான்ல?"

படங்குக்குள்ளால் வெயில் நீலமாக வரும். அந்த நீலத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் குந்தி இருந்து புளியங்கொட்டைகளைத் தள்ளுவோம். வெளியில் தண்ணி பவுசர் வரும், ஆக்கள் வாளியோடு ஓடுவார்கள், பவுசர் போகும், புழுதி அடங்கும். உரப்பைக்கு மேல் ஒரு கொட்டை ஒரு கட்டம் நகர்ந்திருக்கும். சில நேரம் நான் விளையாடுகிறேனா, கனவில் யாரோ விளையாடுவதைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நாளில் அவரை வெல்லத் தொடங்கினேன். அவர் விட்டுத் தந்தார் என்று என் மனுசி சொல்லுவாள். அவளுக்குச் சதுரங்கம் தெரியாது.

எந்த இரண்டு சிப்பாயை அனுப்புவது என்று அவர் சொல்லித் தரவில்லை. அது நானே கண்டது. இடப்பக்க ஓரத்தில் ஒன்று, வலப்பக்க ஓரத்தில் ஒன்று. வயல்காரன் வயலில் இறங்கினால் நடுவில் போய் நிற்கமாட்டான். வயலைச் சுற்றி ஓடுகிற வரம்பைப் பார்ப்பான். எங்கே நண்டு தோண்டிய பொட்டு, எங்கே இடிவு என்று பார்த்து மண்ணை வெட்டி அணைப்பான். வரம்பு சரியென்றால் பிறகு தண்ணீர் நீ சொன்ன இடத்தில் நிற்கும். நான் உரப்பையிலும் அதைத்தான் செய்தேன். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, "நம்மாளு வயக்காரருங்க" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். கூடாரங்கள் கழன்ற நாளில் அவர் ஒரு பஸ்சில் ஏறினார், நான் ஒரு பஸ்சில் ஏறினேன். அதன்பிறகு காணவில்லை.

ஊருக்கு வந்து ஆலை தொடங்கிய பிறகு, பின்னேரங்களில் ஆலைக்குள்ளேயே சதுரங்கம் போடுவேன். இப்போது கடையில் வாங்கிய நல்ல பலகை, நல்ல காய்கள். என்னோடு விளையாடினவர்கள் எல்லாம் என்னிடம் வேலை செய்தவர்கள். நான் முதல் நகர்வுக்கு ஓரத்து இரண்டையும் தள்ளுவேன். அவர்களும் இரண்டைத் தள்ளுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் இருந்தேன். முதலாளிக்கு விதி சொல்ல ஆருக்கு வாய் வரும்?

இனி அந்த மழை நாள்.

மார்கழி. காலபோக நெல்லு கதிர் வர முன்னம் குடலை தள்ளுகிற நேரம். எங்கள் மண்டபத்தில் வன்னிக்குள்ளே இருக்கிற மன்றங்களுக்கு ஒரு சதுரங்கப் போட்டி. ஒரு அணிக்கு நாலு பேர், நாலு மேசை. கடைசிச் சுற்றில் நாங்களும் வவுனியாவும். அதில் வென்றவருக்குக் கிண்ணம். எங்கள் நாலாவது ஆள் பூநகரியிலிருந்து வரவேண்டியவர். முதல் நாள் வந்து விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனவர், அன்று காலை பஸ் வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டார். போனில் அவர் கத்துவதற்கு மேலால் மழை கத்தியது.

எங்கள் பயிற்றுநரை எல்லோரும் மாஸ்டர் என்போம். கணக்குப் படிப்பிக்கிறவர், நல்ல மனிதர், ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர். அதை நான் எங்கேயும் சொல்லுவேன். அன்று அவர் மண்டப வாசலில் நின்று, ரோட்டையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர்ப் பதிவில் மேலதிக ஆள் என்று என்னையும் போட்டிருந்தார்கள். மண்டபத்துக்கு நிலம் போட்ட ஆளுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். நான் கதிரைகள் சரியா என்று பார்க்கப் போயிருந்தேன்.

"மாஸ்டர், நான் இருக்கிறன்."

"அண்ணை, உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியாது?"

அவர் இன்னொரு தரம் ரோட்டைப் பார்த்தார். ஒரு மேசை வெறுமையாகக் கிடந்தால் அந்த ஆட்டம் தானாகவே தோல்வி. ஆகவே என்னை இருத்தினார். என் தோளில் கை வைத்து, "அவசரப்படாதேங்கோ. தொட்டால் அதை நகத்தோணும். மணிக்கூட்டை அமத்த மறக்காதேங்கோ" என்றார். மூன்று அறிவுரை. நாலாவதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த நாலாவது, ஒரு ஆளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று ஆர் நினைப்பார்?

எனக்கு எதிரே வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெண். வங்கியில் வேலை, பல்கலைக்கழகத்தில் விளையாடினவர் என்று மாஸ்டர் காதுக்குள் சொன்னார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வணக்கம் ஐயா" என்று கை தந்தார். ஆளுக்கு அரை மணித்தியாலம், அது முடிந்தால் தோல்வி. எனக்கு வெள்ளை.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. ஜன்னல்கள் திறந்து கிடந்தன. ஈரப் பயிரின் மணம் உள்ளே வந்து மேசைகளுக்கிடையில் நடந்து திரிந்தது. நான் பலகையைப் பார்த்தேன். வெள்ளைக் கட்டமெல்லாம் தண்ணீர் கட்டிய வயல். கறுப்புக் கட்டமெல்லாம் உழுத வயல். சும்மா சொல்லவில்லை, அப்படித்தான் தெரிந்தது. ஒரு கொக்கு வந்து இறங்கினால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன்.

இடப்பக்க ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். வலப்பக்க ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். மணிக்கூட்டை அமத்தினேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டு காய் நகத்தியிருக்கிறீங்கள்."

"ஓம். முதல் நகர்வு தானே, பிள்ளை. நீங்களும் ரெண்டை நகத்துங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மெல்லிய மனிதர். நனைந்த சப்பாத்து நடக்கும்போது கீச்சிட்டது. விசயத்தைக் கேட்டார். வாயை ஒரு கையால் மூடிக்கொண்டார்.

"ஐயா, அப்பிடி ஒரு விதி இல்லை. ஒரு நகர்வுக்கு ஒரு காய்."

"எங்க இல்லை?"

"உலகத்தில ஒரு இடமும் இல்லை, ஐயா."

உலகத்தில் ஒரு இடத்தில் இருந்தது. எனக்குத் தெரியும். உரப்பையின் மேல் இருந்தது. ஆனால் அதை அங்கே எப்படிச் சொல்வது? நடுவர் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடக் கொடுத்தார். "முதல் தொட்டது எது?" என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். அது ஒரு கட்டம் முன்னே நிற்க, வலப்பக்கச் சிப்பாயைத் தன் விரலால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பக்கத்து மேசைகளில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. என் பின்னால் நின்ற மாஸ்டர் பெருமூச்சு விட்டது மழைக்குள்ளும் கேட்டது.

அந்தப் பெண் நடுவில் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் கொண்டுவந்து நிறுத்தினார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அது என் இரண்டாவது நகர்வு. எந்தக் காயை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவர் போய்விட்டார். மாஸ்டர் இருமினார், நடுவைப் பிடிக்கச் சொல்லித்தான் அந்த இருமல் என்று குழந்தைக்கும் விளங்கும். நானும் நடுவைப் பார்த்தேன். பிறகு இடப்பக்க ஓரத்தைப் பார்த்தேன். அந்தச் சிப்பாய் அங்கே ஒற்றையாக நின்றது. மற்ற ஏழு பேரும் பின்னால் வரிசையில் நிற்க, அது மட்டும் ஒரு அடி முன்னே வந்து, பின்னால் திரும்பிப் பார்க்க முடியாமல் நின்றது.

தனியா அனுப்பினா பயந்துக்குவான்ல?

மழையின் சத்தம் படங்கின் மேல் விழுகிற சத்தமாக மாறியது. வெளிச்சம் நீலமானது. ஒரு கணம் அந்த மனிதரின் கால் பெருவிரல் பலகையின் ஓரத்தில் தெரிந்ததுபோல் இருந்தது. நான் வலப்பக்க ஓரச் சிப்பாயை எடுத்தேன். நடுவர் விரலால் பின்னுக்கு வைத்த அதே சிப்பாயை. ஒரு கட்டம் தள்ளினேன். மணிக்கூட்டை அமத்தினேன்.

வரம்பு இரண்டும் முடிந்தது.

மாஸ்டர் இருமுவதை நிறுத்திவிட்டார். எதிரே இருந்தவர் குனிந்தார். முதல் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். தெரிந்த பிறகும் அதையே செய்தால்? இதற்குள் ஏதோ பொறி இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினார். படித்தவர்கள் யோசிப்பது அழகு. கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். அவருடைய மணிக்கூடு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் மழையைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மணிக்கூடு எனக்குப் புதிய சாமான் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் முறைக்கு நின்றவனுக்கு அது நன்றாக விளங்கும். உன் முறை வந்தால் உன் கதவைத் திற, முடிந்தால் பூட்டு, பூட்டிய உடனே தண்ணீர் அடுத்தவனுக்கு. அதையே அந்தச் சின்னப் பெட்டி செய்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

நடுவில் அவர் மூன்று சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் உள்ளே மெல்ல மெல்ல மட்டம் பண்ணினேன். ஒன்றை ஒரு கட்டம், இன்னொன்றை ஒரு கட்டம். குதிரைகளை வெளியே எடுத்தேன். மூலைவாட்டில் போகிற மந்திரியைக் கொண்டுவந்து என் குதிரைக்கு முன்னால் நிறுத்தி, அதை அசையவிடாமல் பண்ணுவது அவருடைய எண்ணம். இந்தப் பக்கம் பார்த்தார். மந்திரி வந்து நிற்கிற கட்டத்தில் என் வரம்புச் சிப்பாய் காவல். அந்தப் பக்கம் பார்த்தார், அங்கேயும் காவல். இரண்டு மந்திரியும் வரம்பு தாண்ட முடியாத மாடு போல வெளியில் நின்றன. பிறகு மாஸ்டர் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்தினார். எனக்கு அம்புக்குறி தேவைப்படவில்லை.

நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. மற்ற மூன்று மேசையும் முடிந்துவிட்டன என்று பின்னால் ஆக்கள் வந்து நின்றதில்தான் விளங்கியது. இரண்டு எங்களுக்கு, ஒன்று வவுனியாவுக்கு. நான் தோற்காவிட்டால் கிண்ணம் எங்களுக்கு. தோற்றால் சமம், அப்படியென்றால் முந்திய சுற்றுகளின் புள்ளியில் கிண்ணம் அவர்களுக்கு. இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் மாஸ்டரின் முகத்தில் எழுதியிருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போனது. வலப்பக்க வரம்பை உடைக்கத் தன் ராசாவின் முன்னால் நின்ற சிப்பாய்களையே ஓடவிட்டார். ராசா வீட்டுக் கதவு திறந்து போச்சு. நான் நடுவில் ஒரு சிப்பாயைத் தள்ளி அணையைத் திறந்தேன். அவ்வளவு நேரமும் தேங்கி நின்றதெல்லாம் பாய்ந்தது. என் கோட்டை நேராக இறங்கியது, ராணி பின்னால் வந்தது. அவருடைய ராசா ஓட இடம் தேடியது.

அப்போதுதான் அது நடந்தது. அவர் தன் ராசாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தார். வைத்துவிட்டு மணிக்கூட்டை அமத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, என் நகர்வுக்காகக் காத்திருந்தார். அவருடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்ததும் கொஞ்சம். எண்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. என் பக்கத்து ஆக்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும்.

ஒரு வயல்காரன் வரம்பில் தலை சாய்த்துக் கண் அயர்ந்துவிட்டான், அவனுடைய தண்ணீர் வீணாகக் கழிவு வாய்க்காலில் ஓடுகிறது. பக்கத்து வயல்காரன் என்ன செய்வான்? எழுப்புவான். எழுப்பாமல் இருக்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய பேர் எங்கள் வாய்க்காலில் எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளை, உங்கட தண்ணி ஓடுது."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் மணிக்கூட்டைக் கண்ணால் காட்டினேன். திடுக்கிட்டு அமத்தினார். பின்னால் மாஸ்டர் ஒரு சத்தம் போட்டார். அது சொல் இல்லை.

அதன்பிறகு அந்தப் பெண் விழித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அந்த ஆட்டத்தில் மிக அழகான நகர்வு அவருடையதுதான். ஒரு கோட்டையை எனக்குச் சும்மா தந்தார். நான் எடுத்தேன். எடுத்த உடனே அவருடைய ராணி, வெட்டுவேன் என்று என் ராசாவின் பக்கத்தில் வந்து நின்றது. நான் இந்தப் பக்கம் ஒதுங்க, ராணி இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் ஒதுங்க, ராணி அந்தப் பக்கம். திரும்பவும் இந்தப் பக்கம். முடிவே இல்லாமல் இரண்டு பேரும் ஊஞ்சல் ஆடுவது போல இருந்தது. மழையும் அதே தாளத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாம் என்றுகூட எனக்கு ஆசையாக இருந்தது. அவர் கை நீட்டினார்.

"சமன் செய்வமோ, ஐயா?"

"செய்வம், பிள்ளை."

கிண்ணம் எங்களுக்கு.

மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே பேசினார். "அண்ணை, வாயைத் திறக்காமல் இருந்திருந்தா மணிக்கூடே வெண்டு தந்திருக்கும்! வெண்டிருப்பீங்கள்!"

"கிண்ணம் வந்ததுதானே மாஸ்டர்? பிறகென்ன?"

"தோத்திருந்தா?"

"தோக்கேல்லையே."

தேத்தண்ணி வந்தது. அந்தப் பெண் போகவில்லை. காய்களைத் திரும்ப முதலிலிருந்து அடுக்கி, ஒவ்வொரு நகர்வாக நினைவிலிருந்து வைத்துக் காட்டினார். நல்ல விளையாட்டுக்காரர்கள் அப்படிச் செய்வார்களாம். மாஸ்டரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். மந்திரி நிற்க இடமில்லாமல் போன இடத்தில் விரலை வைத்து, "அட" என்றார்.

"ஐயா, இந்தத் தொடக்கத்துக்கு என்ன பேர்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"வரம்பு."

"எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"புத்தகத்தில இல்லை, பிள்ளை. ஜன்னலால பாருங்கோ, இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். மழை விட்டிருந்தது. வயல் வயலாகத் தண்ணீர் மினுங்கியது, வரம்புகள் கறுப்பாக ஓடின. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

இப்போது பலகைக்கு வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு மாஸ்டர் வரம்பைக் கையில் எடுத்தார். மன்றத்தில் எல்லோருக்கும் படிப்பித்தார். முள்ளியவளையில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் மன்றத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அதையே போட்டு வென்றாள். ஓரம் இரண்டும் முதல், பிறகு உள்ளே மட்டம், பிறகு நடுவைத் திறப்பது. அதன்பிறகுதான் பச்சைப் பலகை வந்தது. முதல் தரம் நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, எங்கோ என் பேர் வரும் என்று கடைசி எழுத்து வரைக்கும் போனேன்.

மாஸ்டரை ஆலைக்குக் கூப்பிட்டேன். வந்தார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது; தவிட்டுத் தூசி வெயிலில் பொன்னாக மிதந்து, அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் மெல்ல மெல்லப் படிந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் செய்தது சட்டப்படி பிழை. நடுவரே சொன்னவர். ஒரு பிழைக்கு ஆர் பேர் போடுறது?"

"பிழை எண்டா நீங்கள் ஏன் உங்கட பேரில போட்டனீங்கள்?"

"மூண்டாவது நகர்வில இருந்து எல்லாம் நான் மாசக்கணக்கா இருந்து யோசிச்சது. குதிரை எங்க போறது, எப்ப நடுவைத் திறக்கிறது..."

"அதை நான் மறுக்கேல்லை. விதைச்சது நீங்கள். வரம்பு ஆரின்ர?"

"முதல் சிப்பாய் நடுவர் சொல்லித்தானே அங்க நிண்டது. நீங்களா விரும்பி வைக்கேல்லையே."

"சரி. முதலாவதை நடுவருக்குக் குடுங்கோ. ரெண்டாவதை ஆர் தள்ளச் சொன்னது?"

மாஸ்டர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். கணக்குப் படிப்பிக்கிறவர் அல்லவா, கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். "நீங்கள் பின்னால நிண்டு இருமினீங்கள், மாஸ்டர். நடுவுக்கு வரச்சொல்லி இருமினீங்கள். நான் போகேல்லை" என்றேன். அவர் சேர்ட்டில் இருந்த தவிட்டைத் தட்டினார். "யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை" என்றார். இன்னும் யோசிக்கிறார்.

வீட்டில் என் மனுசி கேட்கிறாள்: "இஞ்சேருங்கோ, பலகையில பேர் வந்தா உலையில அரிசி கூட வேகுமோ? ஆலை இருக்கு, மதகு இருக்கு, காணாதே?" காணாது, எனக்குப் போதாது. ஆலையைக் கல்லால் கட்டினேன், நான் இல்லாவிட்டாலும் ஆராவது கட்டியிருப்பார்கள். மதகையும் ஆராவது ஒருநாள் கட்டியிருப்பார்கள். அந்த வலப்பக்கச் சிப்பாயை, உலகம் முழுக்க அது பிழை என்று சொன்ன பிறகு, இன்னொரு தரம் அனுப்ப அந்த மண்டபத்தில் என்னை விட்டால் ஒருவரும் இருக்கவில்லை. சோடியாக அனுப்பச் சொன்னது உரப்பை மனிதர். அவருக்கு உரியதை நான் எடுக்கமாட்டேன். ஓரத்தில் அனுப்பியது நான். மூன்றாவது நகர்விலிருந்து மாஸ்டருடையது. அவர் அதை வைத்திருக்கட்டும்.

பலகையில் கடைசி வரிக்குக் கீழே இடம் கிடக்கிறது. அளந்து பார்த்தேன், ஒரு சாண் தாராளமாக இருக்கிறது. என் பேர் வேண்டாம், ஆலைக்காரர் என்று போட்டாலே ஊருக்குத் தெரியும். இப்படி எழுதுங்கள்: "ஓரத்துச் சிப்பாய்கள் இரண்டும் ஆலைக்காரர் வைத்தவை." வெள்ளைப் பெயின்ற் நான் வாங்கி வைத்திருக்கிறேன். தூரிகை பிடிப்பது மாஸ்டராக இருக்கவேண்டும்.